கைப்பேசிகளை வெயிலில் வைக்கச் சொல்லும் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கும் மனிதவளப் பிரிவினருக்கும் வணக்கம்.

வேலைக்குள் நுழையும் முன் எங்கள் கைப்பேசிகளைப் போட்டுவிட்டு வரச் சொல்லி, ஜாகா (காவலாளி) பூத் அருகே நீங்கள் வைத்திருக்கும் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தப் பெட்டி என்று நான் விளக்க வேண்டியதில்லை. தினமும் உங்கள் கார்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. தொழிலாளர் கூட்டத்தில் பேசியாகிவிட்டது. மலாயில் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, உங்கள் அலுவலகத்தில் கொடுத்தும் ஆகிவிட்டது. "பார்க்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. போன வாரம் நடந்ததற்குப் பிறகும் அந்தப் பெட்டி அதே இடத்தில், அதே வெயிலில் நிற்கிறது. அதனால்தான் இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். எங்கள் லைனில் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். உங்கள் அலுவலகத்திலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைக் குறைக்காமல் கூட்டாமல் உங்களிடம் எடுத்துச் சொல்லட்டும்.

உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசி வரக் கூடாது என்ற விதியை நாங்கள் எதிர்க்கவில்லை. வாடிக்கையாளரின் பொருளை யாரும் படமெடுத்துவிடக் கூடாது, சுத்த அறைக்குள் தூசு போகக் கூடாது. சிப் வேலை தெரிந்த யாரும் இதை மறுக்கமாட்டார்கள். பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வர்த்தக வலயம் தொடங்கியது. அந்தக் காலத்தில் கிலாங் பஸ் (தொழிற்சாலை பஸ்) ஏறி வேலைக்கு வந்த அம்மாக்களின் மகள்கள் எங்களில் பலர். ஒரு சிப்பைத் தொடுவதற்கு முன்னால், நிலைமின்சாரம் அதைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் பட்டை கட்ட வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். பொருள் வைக்கும் அறையில் எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரப்பதம் என்று குறித்து வைப்பதும் எங்கள் ஆட்கள்தான். மின்னணுப் பொருளைச் சூட்டிலிருந்தும் ஈரத்திலிருந்தும் எப்படிக் காப்பது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். எங்கள் கைப்பேசியும் ஒரு மின்னணுப் பொருள்தானே?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கட்டடத்துக்குள், நிழலில், ஆளுக்கொரு பூட்டோடு, கைப்பேசி வைக்க ஓர் இடம்.

அந்தப் பெட்டியை நீங்கள் இறங்கி வந்து கிட்டத்தில் பார்த்திருக்கமாட்டீர்கள். மேலே ஒரு துண்டு ஜிங்க் கூரை. கதவு மேற்கைப் பார்த்திருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அதன்மீதுதான் விழும். தாழ்ப்பாள் உண்டு, பூட்டு கிடையாது. உள்ளே தட்டும் இல்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, பைமேல் ஒட்டிய டேப்பில் வேலை எண், அவ்வளவுதான். முதலில் வந்தவருடையது அடியில் கிடக்கும், கடைசியில் வந்தவருடையது மேலே. ஷிப்ட் முடிந்ததும் கிலாங் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் அதற்குள் நுழையும். திரை உடையாமல் ஒரு வாரம் போனால் பெரிய விஷயம்.

எங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியதை நாங்கள் செய்துதான் வருகிறோம். டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருக்கிறோம், கேசிங் போட்டிருக்கிறோம். அதெல்லாம் கை தவறி விழுந்தால் காப்பாற்றும், வெயிலிலிருந்து காப்பாற்றாது. தடித்த ரப்பர் கேசிங் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் கழற்றிவிட்டுப் பையில் போடுகிறார்கள். அப்போது பக்கத்துப் பையிலுள்ள வீட்டுச் சாவி அழுத்திக் கீறல் விழுகிறது. போட்டாலும் கெடுகிறது, கழற்றினாலும் கெடுகிறது.

மழை பெய்தால் கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. பிளாஸ்டிக் பைக்குள்தானே இருக்கிறது என்கிறீர்கள். பகல் முழுக்கச் சூடேறிய பை மழையில் சட்டென்று குளிரும்போது, உள்ளே அடைபட்ட ஈரம் முத்துமுத்தாகத் திரண்டு நிற்பதை வந்து பாருங்கள். அது சார்ஜ் போடும் துளையில்தான் போய் இறங்கும். பல கைப்பேசிகளுக்குள் தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் சிறிய ஒட்டு ஒன்று இருக்கிறது. அது சிவந்துவிட்டால் வாரண்டி என்று வாய் திறக்க முடியாது. ஐபி68 என்று தண்ணீர் புகாத் தரக்குறி போட்ட கைப்பேசிக்கு ஒன்றும் ஆகாதே என்றார் உங்கள் அதிகாரி ஒருவர். அது புதிய கைப்பேசியை ஆய்வுக்கூடத்தில் நல்ல தண்ணீரில் வைத்துச் செய்த சோதனை. நாள்பட நாள்பட அந்த அடைப்பு தளரும். கடையில் ஒருமுறை திரை மாற்றியிருந்தால் அதை நம்பவே முடியாது. அரிசிக்குள் போட்டு வையுங்கள் என்றும் சொன்னார்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

இனிப் போன வாரம் நடந்ததற்கு வருகிறேன்.

லைனில் என் பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் அக்கா, பாலத்துக்கு அப்பால் பெருநிலத்திலுள்ள நிபோங் திபாலிலிருந்து வருகிறவர். ஷிப்ட் முடிந்து பையை எடுத்தபோது கைப்பேசியின் திரை சட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு நின்றது. ஓரத்தில் நகத்தை நுழைக்கலாம் என்கிற அளவுக்கு இடைவெளி. பின்பக்கம் வயிறு உப்பியதுபோல் வளைந்து கிடந்தது. பையைத் திறந்ததும் நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல ஒரு வாடை. பேட்டரி உப்பிவிட்டது. பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை. "அமுக்கிப் பார்க்காதீங்க, சார்ஜ் போட்டுடாதீங்க" என்று சொல்லி நான்தான் வாங்கி ஒரு பக்கமாக வைத்தேன். பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார் ஜாகா. அவரைக் குறை சொல்ல மாட்டேன்; உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அன்று மதியமே அக்காவின் மகனுக்குக் காய்ச்சல். தஸ்காவிலிருந்து (குழந்தைகள் காப்பகம்) அவருக்கு அழைத்திருக்கிறார்கள், எடுக்க ஆள் இல்லை. அடுத்து நம் தொழிற்சாலையின் பொது எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். பதிவு செய்த குரல் எண்களை அழுத்தச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒரு மனிதக் குரல் கிடைக்கவில்லை. அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. வழக்கமாக பஸ் பாலத்தைத் தாண்டும்போது அவர் கணவருக்கு அழைப்பார். கணவர் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைக்கு வந்து காத்திருப்பார். அன்றைக்கு அழைக்க வழியில்லை. விளக்கில்லாத பாதையில் தனியாக நடந்து வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான், பக்கத்து வீட்டம்மா மடியில் பிள்ளை அனலாகக் கொதித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் தஸ்கா கட்டணம் கட்ட வேண்டிய நாள். வங்கிச் செயலி அந்தக் கைப்பேசியில்தான் இருந்தது. எஸ்எம்எஸ் மூலம் டேக் எண் (பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் ரகசிய எண்) அனுப்புவதைக் கைவிட வேண்டும், ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசியில் மட்டுமே ஒப்புதல் தர வேண்டும் என்று 2022-இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. மோசடிக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு கைப்பேசி செத்துவிட்டால் சொந்தக் காசைத் தொட முடியாது. வேறு கைப்பேசியில் பதிந்தாலும் காத்திருப்பு நேரம் முடிந்துதான் எல்லாம் திறக்கும். அக்கா ஒரு நாள் விடுப்புப் போட்டு வங்கிக் கிளையில் வரிசையில் நின்றார். அந்த விடுப்பும் அவர் கணக்கில்தான் கழிந்தது. கைப்பேசிக்குத் தவணை இன்னும் முடியவில்லை. குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்குகிறவருக்கு ஆயிரம் ரிங்கிட் கைப்பேசி என்றால் பாதிச் சம்பளத்துக்கு மேல் என்பதைக் கணக்குப் பிரிவு உங்களுக்குச் சொல்லும்.

லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. ஐபோனைப் பயன்படுத்தும் இடம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, அணைத்து வைக்கும் இடம் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது அதைச் செய்யும் நிறுவனம். பினாங்கில் பிற்பகல் நிழலிலேயே 32, 33 டிகிரி அடிக்கிறது. மூடிய தகரத்துக்குள் எவ்வளவு இருக்கும் என்று உங்கள் பொறியாளர் ஒருவரை ஒரு பிற்பகல் மட்டும் வெப்பமானியோடு அனுப்பி அளந்து பாருங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வீடு போகும்வரை சார்ஜ் நிற்க வேண்டுமே என்று எல்லாரும் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டுதான் வருகிறோம். நிறைந்த பேட்டரி சூட்டில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகி, உறை உப்பத் தொடங்கும். உப்பியது குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கலாம். ஒன்றில் பிடித்த தீயின் சூடு பக்கத்திலுள்ளதையும் பற்றவைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கைப்பேசிகளும் பவர் பேங்குகளும் குவிந்து கிடக்கும் பெட்டி அது. அதை ஒட்டித்தான் ஜாகாக்கள் பெட்ரோல் நிறைந்த மோட்டார் சைக்கிள்களை நிறுத்துகிறார்கள். அன்று அக்காவின் கைப்பேசி உப்பியதோடு நின்றது. அடுத்த முறையும் அப்படியே நிற்கும் என்று உங்களில் யார் கையெழுத்துப் போட்டுத் தருவீர்கள்?

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இன் திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வேலையிடத்து ஆபத்துகளை முதலாளி மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பெட்டியை யாராவது மதிப்பிட்டார்களா என்று பணிவோடு கேட்கிறேன்.

பெட்டிக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கிறீர்கள்: "சொந்தப் பொறுப்பில் வைக்கவும்." சொந்தப் பொறுப்பு என்றால் எங்கள் பொருளை எங்கே வைப்பது என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டும். இடத்தைத் தீர்மானித்தது நீங்கள். வைக்காவிட்டால் வாசலைத் தாண்ட விடாததும் நீங்கள். நட்டம் மட்டும் எப்படி எங்கள் தலையில் வரும்? காகிதத்தில் தந்த சம்பளச் சீட்டை நிறுத்திச் செயலியில் பார்க்கச் சொன்னீர்கள். விடுப்புக் கேட்பதும் செயலியில்தான். ஓடிக்கு (கூடுதல் நேர வேலைக்கு) ஆள் வேண்டுமென்றால் இரவு பத்து மணிக்கு வாட்சாப் குழுவில் செய்தி வருகிறது, பதில் போடவில்லையென்றால் மறுநாள் சூப்பர்வைசர் காரணம் கேட்கிறார். உங்கள் வேலைக்கு எங்கள் கைப்பேசி எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். அதன் விலை, பழுது, பாதுகாப்பு எதிலும் உங்களுக்குப் பங்கில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொறியாளர்களும் வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களும் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கைப்பேசியோடு உள்ளே நடக்கிறார்கள். அவர்கள் லென்ஸை மறைக்க ஒரு ஸ்டிக்கர் போதும், எங்களுக்கு மட்டும் போதாது. இத்தனை வருடம் உங்கள் பொருளை எங்கள் கையில் நம்பிக் கொடுத்தீர்கள். எங்கள் சட்டைப் பையில் மட்டும் ஏன் நம்பிக்கை இல்லை? ஆபரேட்டர் என்றால் சந்தேகம், டை கட்டியவர் என்றால் மரியாதை என்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இல்லை. கேண்டீன் வரிசையிலும் கார் நிறுத்துமிடத்திலும்கூட அப்படித்தான். அதையெல்லாம் இங்கே எழுதப் புகுந்தால் கேட்க வந்தது விட்டுப்போகும். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கும் ஸ்டிக்கர் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டே வருகிறோம். அந்த வெளி, கட்டடத்துக்குள் நிழலில் இருக்கட்டும். ஆளுக்கொரு லாக்கர், அதற்கொரு பூட்டு, சாவி எங்களிடம். காற்றுப் போக நாலு துளை இருந்தால் போதும், குளிர்சாதனமெல்லாம் வேண்டாம். புதிதாக வாங்க நாளாகும் என்றால், உடை மாற்றும் அறையின் கடைசி வரிசையில் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் லாக்கர்களை இந்த வாரமே துடைத்துத் திறந்துவிடலாம். சாவி தொலைந்திருந்தால் மாங்காய்ப் பூட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

அதோடு, சூப்பர்வைசர் மேசையில் ஒரு தொலைபேசி வையுங்கள். தஸ்காவுக்கும் பள்ளிக்கும் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கும் அந்த எண்ணைக் கொடுக்கிறோம். யாருக்காவது அவசரம் என்றால் மனிதர் ஒருவர் எடுத்துப் பேசட்டும்.

அக்காவின் கைப்பேசிக்கும், வங்கியில் நின்று போன அந்த ஒரு நாள் விடுப்புக்கும் நீங்கள் ஈடு தர வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். அவர் கேட்கமாட்டார், கேட்கத் தயங்குகிறவர். அவர் சம்மதத்தோடுதான் அவருக்காக நான் கேட்கிறேன். உப்பிய அந்தக் கைப்பேசி இப்போது கொம்தார் வணிக வளாகத்தில் ஒரு கடையில் இருக்கிறது. பேட்டரி மாற்றினாலும் திரையும் போய்விட்டது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை இந்த மடலின் நகலோடு மனிதவளப் பிரிவில் சேர்த்திருக்கிறேன்.

இந்த மாத இறுதிக்குள் உங்கள் பதிலை கேண்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். லாக்கர் எந்தத் தேதிக்குள் வரும் என்பது மட்டும் அதில் இருக்க வேண்டும். அதுவரை பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியை ஜாகா பூத்துக்குள் நகர்த்தி வைக்க ஜாகாக்களுக்கு உத்தரவு கொடுங்கள். இன்றைக்கே செய்யலாம், ஒரு காசு செலவில்லை.

நன்றி.

இப்படிக்கு,
பகல் ஷிப்ட் தொழிலாளி ஒருவர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு