புயலைவிடத் தூசியே ஆபத்து

ஆசிரியருக்கு,

செவ்வாய்ப் பயணப் படங்களில் புயலடித்தால் ராக்கெட்டே சாய்கிறது. 2015-இல் வந்த 'தி மார்ஷியன்' தொடங்குவதும் அப்படித்தான். ஆனால் உண்மையில் செவ்வாயில் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்றும் இங்குள்ள இளங்காற்றளவுக்குத்தான் தள்ளும்.

மாவு போன்ற தூசிதான் உண்மையான வில்லன். 2018 ஜூனில் அது சூரியனை மறைக்க, சோலார் பேனலில் மின்சாரம் வற்றி செவ்வாயில் ஓடிய நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி அடங்கியது. பிறகு எழவேயில்லை.

'தி மார்ஷியன்' நாயகன் செவ்வாய் மண்ணில் உருளைக்கிழங்கு பயிரிடும் காட்சி அருமை. ஆனால் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டறிந்தது. தைராய்டைப் பாதிக்கும் உப்பு அது. நீரில் கரையும் என்பதால், நடுவதற்கு முன் மண்ணைப் பலமுறை அலசி வடிக்க வேண்டும். சொட்டு நீருக்கும் தட்டுப்பாடான இடத்தில் இந்த அலசலையே பரபரப்பான காட்சியாக எடுக்கலாமே!

- வாசகர், திருநெல்வேலி