பந்தய விளையாட்டுகளை முடிக்கும் முன்பே விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பந்தய விளையாட்டு உருவாக்குநர்களே, பதிப்பாளர்களே,

வணக்கம். கார்ப் பந்தய விளையாட்டுகளை முழுமையாக முடிக்கும் முன்பே 'ஏர்லி ஆக்சஸ்' என்ற பெயரில் நீங்கள் விற்கிறீர்கள். நான் வாங்குகிறேன். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கார் மாதாமாதம் செப்பமாகிக்கொண்டே வருவதை உள்ளிருந்து பார்ப்பது தனி மகிழ்ச்சி. அந்த ஏற்பாடு கெட்டுப்போகிற வழியில் போவதால்தான் இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே: இன்று எங்கள் கையில் தரக்கூடியதற்கு மட்டும் விலை சொல்லுங்கள். நாளை வரப்போவதாகச் சொல்லும் எதற்கும் இன்றே காசு வாங்காதீர்கள்.

இது நான் புதிதாக வகுக்கும் விதி அல்ல. 2013 மார்ச்சில் தன் 'ஸ்டீம்' என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஏர்லி ஆக்சஸ் பிரிவைத் திறந்த வால்வ் நிறுவனம், உருவாக்குநர்களுக்கான வழிகாட்டுதலில் இதைத்தான் கேட்கிறது. இந்தப் பிரிவு முன்பதிவு விற்பனைக்கான இடமல்ல, வருங்காலம் பற்றித் திட்டவட்டமாக வாக்குக் கொடுக்காதீர்கள், இப்போதைய நிலையைப் பார்த்து வாடிக்கையாளர் முடிவு செய்யட்டும், விற்பனை மிகக் குறைந்தால் விளையாட்டை முடிக்க வழியிராது என்ற நிலையில் இங்கே வராதீர்கள் என்கிறது. இவற்றுக்குச் சம்மதித்துத்தான் எல்லோரும் உள்ளே நுழைகிறீர்கள். ஆனால் பல விற்பனைப் பக்கங்களைத் திறந்தால் கண்ணில் படுவது என்ன? வரவிருக்கும் கார்கள், வரவிருக்கும் தடங்கள், வரவிருக்கும் மழை, வரவிருக்கும் இரவுப் பந்தயம். இன்று என்ன ஓடுகிறது என்ற விவரத்தை நாங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சரியாகச் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி 2015-லேயே இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 'டர்ட் ராலி' விளையாட்டை அறிவித்தது. அன்றே விற்பனைக்கும் வைத்தது. மாதக்கணக்கில் படம் காட்டி ஆசையை வளர்க்கவில்லை. மான்டே கார்லோ, கிரீஸ், வேல்ஸ் என மூன்று இடங்கள், 14 கார்கள், அவ்வளவுதான். ஆனால் சேற்றில் கார் வழுக்கும் விதமும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் வாசிக்கும் குறிப்பை மட்டும் நம்பிக் கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள் இறங்கும் அச்சமும் முதல் நாளிலேயே இருந்தன. கணினியோடு இணைத்து ஆடும் ஸ்டீயரிங்கில் உணரும் விசை பற்றி வாங்கியவர்கள் குறை சொன்னார்கள், உருவாக்கியவர்கள் திருத்தினார்கள். பின்லாந்தும் சுவீடனும் பிறகு சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று முழு வடிவம் வெளிவந்தது.

இத்தாலியின் குனோஸ் சிமுலசியோனி இன்னும் துணிச்சலாக நடந்துகொண்டது. 2018 செப்டம்பரில் 'அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே' ஏர்லி ஆக்சஸுக்கு வந்தபோது ஒரே ஒரு தடம் நூர்பர்க்ரிங், ஒரே ஒரு கார் லம்போர்கினி ஹுராகான் ஜிடி3. அடுத்தடுத்த மாதங்களில் எந்தத் தடம், எந்தக் கார் என்பதற்கு அட்டவணை போட்டார்கள். உள்ளடக்கம் கூடக் கூட விலையும் ஏறும் என்று முதலிலேயே சொன்னார்கள். குறைவாக இருந்த நாளில் குறைவாக வாங்கினார்கள். 2019 மே 29 அன்று அது முழு விளையாட்டாக வெளியானது. இதைவிட நேர்மையான விற்பனை முறையை இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை. அதே குழுவின் 'அசெட்டோ கோர்சா ஈவோ' 2025 ஜனவரியில் 20 கார்கள், ஐந்து தடங்களோடு, பலர் சேர்ந்து ஆடும் வசதி இல்லாமலேயே விற்பனைக்கு வந்தது. கார்களின் எண்ணிக்கை இருபது மடங்கு, அதைச் சுற்றி எழுந்த எதிர்பார்ப்பு அதையும் மிஞ்சியது. நான் மதிப்பது அந்த ஒற்றைக் காரைத்தான்.

கதை சொல்லும் விளையாட்டைப் பாதியில் தந்தால் கதை பாதியில் நின்றுவிடும். பந்தய விளையாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு கார், ஒரு சாலை, டயர் தரையைப் பிடிப்பதும் விடுவதும் கையில் தெரிகிற நேர்த்தி இவை இருந்தால் போதும், ஆண்டுக்கணக்கில் அதையே ஓட்டலாம். ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக் குழு உருவாக்கும் 'பீம்என்ஜி டிரைவ்' 2015 மே மாதம் ஸ்டீமுக்கு வந்தது. பத்தாண்டுகள் கடந்த பின்னும் ஏர்லி ஆக்சஸ் பலகையைக் கழற்றவில்லை. அதற்காக அதைப் பழிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். எடையுள்ள புள்ளிகள், அவற்றை இணைக்கும் சட்டங்கள் என்று காரின் உடம்பைக் கட்டி, அதன் அசைவை நொடிக்கு 2000 முறை கணக்கிடுகிறது அந்த விளையாட்டு. சுவரில் மோதினால் முகப்பு நசுங்குவதோடு முடிவதில்லை. சக்கரத்தைத் தாங்கும் பாகம் வளைந்துவிட்டால், அதன்பின் நேர்ச்சாலையிலும் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். இந்த அற்புதம் 2013-இல் இலவசமாகத் தந்த மாதிரியிலேயே இருந்தது. காசு கொடுக்கும் முன்பே எதற்குக் கொடுக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், ஒரு ஓட்டுநராகத் தொடங்கிப் படிப்படியாக வளரும் ஆட்டமுறை அங்கே இன்னும் முழுமை பெறாமல் நிற்பதுதான். ஆனால் அதை நம்பி யாரும் வாங்கவில்லை.

பின்லாந்தின் பக்பியர் குழு 2014 ஜனவரியில் 'நெக்ஸ்ட் கார் கேம்' என்ற பெயரில் ஸ்டீமில் விற்கத் தொடங்கியது, 2018 ஜூனில்தான் 'ரெக்ஃபெஸ்ட்' ஆக முழுமை பெற்றது. நான்கரை ஆண்டுகள். இடையில் பலர் நம்பிக்கை இழந்தார்கள். இருந்தாலும் கார்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறும் அந்த முரட்டு இன்பம் தொடக்கத்திலேயே இருந்ததால், வாங்கியவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பீம்என்ஜியிலும் ரெக்ஃபெஸ்டிலும் உள்ள கார்கள் கற்பனைக் கார்கள். எந்த நிறுவனத்தின் முத்திரையும் அவற்றில் இல்லை. எனவே நிதானமாக வேலை செய்ய முடிகிறது. உண்மையான கார்களையும் பந்தயத் தொடர்களையும் வைத்து விளையாட்டு செய்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவற்றைப் பயன்படுத்த உரியவர்களோடு செய்யும் உரிம ஒப்பந்தத்தில் ஒரு முடிவுத் தேதி இருக்கும், கடிகாரம் கையெழுத்திட்ட அன்றே ஓடத் தொடங்கிவிடும். 'புராஜெக்ட் கார்ஸ்' விளையாட்டுகளின் முதல் இரண்டு பாகங்களும் உரிமக் காலம் முடிந்ததால் 2022-இல் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. 'ஃபோர்சா ஹொரைசன் 4' 2024 டிசம்பர் 15-க்குப் பிறகு விற்பனையில் இல்லை. அவை முழுமையாக வெளிவந்து பல ஆண்டுகள் விற்ற விளையாட்டுகள். ஆறு ஆண்டுகள் ஏர்லி ஆக்சஸில் கிடக்கும் ஒரு விளையாட்டுக்கு இதே நிலை வந்தால், அது முடிவதற்கு முன்பே அதன் கார்கள் விடைபெற வேண்டியிருக்கும். உரிமம் பெற்ற கார்களை விற்பவர்கள் நீண்ட நாள் இழுத்தடிக்க உரிமை இல்லாதவர்கள். ஒப்பந்தத்தின் உள்விவரங்களைக் கேட்கவில்லை. எந்த ஆண்டு வரை விற்பனையில் இருக்கும் என்று மட்டும் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்து, டயர். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு, ஆனால் ஸ்டீயரிங் பிடித்து ஆடுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த வேதனை இது. ஒரு தடத்தில் பிரேக்கை எங்கே அழுத்துவது, எவ்வளவு விடுவது, பின்பக்கம் எப்போது நழுவத் தொடங்கும் என்பதெல்லாம் மூளையில் அல்ல, கையிலும் காலிலும் பதிகிற பாடம். வாரக்கணக்கில் பழகிப் பதிய வைக்கிறோம். காரின் சஸ்பென்ஷனையும் டயர் அழுத்தத்தையும் ஒவ்வொரு தடத்துக்கும் தனியாகச் சரிசெய்து சேமிக்கிறோம். ஒரு நாள் அப்டேட் வருகிறது, கூடவே "டயர் இயக்கத்தில் மேம்பாடுகள்" என்று ஒற்றை வரிக் குறிப்பு. அன்றோடு பழைய நேரங்கள் அர்த்தமிழக்கின்றன, சேமித்த அமைப்புகள் பயன்படாமல் போகின்றன. மாற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. மாற்றுவதற்குத்தான் ஏர்லி ஆக்சஸ். எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். சூடேறும் வேகமா, தேய்மானமா, பக்கவாட்டுப் பிடிப்பா? அழுத்தத்தை ஏற்ற வேண்டுமா, இறக்க வேண்டுமா? நான்கு பத்தி எழுதினால் எங்களுக்கு நான்கு இரவுகள் மிச்சம். பழைய வடிவத்தையும் வேண்டுபவர்கள் தேர்ந்தெடுக்கும்படி ஸ்டீமில் ஒரு தனிக் கிளையாக விட்டுவைக்கலாம். அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது.

சில குழுக்கள் இணையப் பந்தயத்தை முதலில் கட்டுகிறார்கள், கணினி ஓட்டும் எதிராளிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். ஐரோப்பாவில் இருந்து பார்த்தால் அது நியாயமாகத் தோன்றலாம். இங்கே கோயம்புத்தூரில் இருந்து பாருங்கள். ஜெர்மனியில் இரவு எட்டு மணிக்குக் களம் நிரம்பும்போது இங்கே கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். விழித்திருந்து சேர்ந்தாலும் தொலைதூர சர்வரின் தாமதத்தால் என் கார் மற்றவர்கள் திரையில் துள்ளித் துள்ளித் தெரிகிறது, மோதல் நடந்தால் பழி எங்கள் பக்கம் விழுகிறது. எங்கள் ஊர் நேரத்தில் நுழைந்தால் களம் காலியாக இருக்கிறது. ஆகவே கணினி எதிராளிகள் எங்களுக்கு உபரி வசதி அல்ல. அவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் வாங்கியது பந்தயம் இல்லாத பந்தய விளையாட்டு.

இணையம் இல்லாவிட்டால் தனியாகக்கூட ஓட்ட முடியாத ஏற்பாடு இதைவிட மோசமானது. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' விளையாட்டில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை தனியாகவே ஓட்டிச் செல்லலாம். ஆனாலும் அது எப்போதும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை மூடினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் யாராலும் அதன்பின் ஒரு மைல்கூட ஓட்ட முடியவில்லை. அந்தக் கோபத்தில் யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவுக்கு 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் சேர்ந்தன. ஒரு கார் விளையாட்டுக்காகத் தொடங்கிய சண்டை அது. முழுமையாக வெளியான, பெரிய நிறுவனத்தின் விளையாட்டுக்கே இந்தக் கதி என்றால், பாதியில் நிற்கும் சிறிய குழுவின் விளையாட்டு என்னவாகும்? முடிக்காத விளையாட்டை சர்வரோடு கட்டிப்போடாதீர்கள். நாளை உங்கள் அலுவலகம் மூடினாலும், இன்று நான் வாங்கிய கார் இன்று நான் வாங்கிய தடத்தில் ஓட வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2013-இல் ஏர்லி ஆக்சஸில் தொடங்கி 2014 டிசம்பரில் முழுமையான முதல் 'அசெட்டோ கோர்சா'. இன்றும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது எங்கள் கணினியிலேயே ஓடுகிறது, ரசிகர்கள் அதில் கை வைக்க முடிகிறது. கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயத்தடத்தை அதில் ஓட்டலாம். அதை ரசிகர்கள்தான் சேர்த்தார்கள்.

இன்னும் முடியாத விளையாட்டுக்குக் கூடுதல் கட்டணப் பாகங்கள் விற்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 'லெ மான்ஸ் அல்டிமேட்' 2024 பிப்ரவரியில் ஏர்லி ஆக்சஸாக வந்தது, 2025 ஜூலையில் முழுமையானது. இடையிலேயே, 2024 பந்தயப் பருவத்தின் கார்களும் தடங்களும் தனி விலைக்கு வந்துவிட்டன. அதை வெளியிட்ட நிறுவனம் பண நெருக்கடியில் இருந்தது எல்லோரும் அறிந்ததே, அந்தப் பணம் வேலை தொடர உதவியிருக்கலாம். ஓட்டும் அனுபவமும் தொடக்கத்திலிருந்தே உயர்வானது, அதனால் நான் அதை வெறுக்கவில்லை. ஆனாலும் இது வழக்கமாகிவிடக் கூடாது. அடிப்படை விளையாட்டில் தருவதாகச் சொன்னவை நிலுவையில் இருக்கும்போது பக்கத்தில் புதுக் கடை திறந்தால், உங்கள் நேரம் எதற்குச் செலவாகிறது என்ற சந்தேகம் வாங்கியவருக்கு வரத்தான் செய்யும்.

பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். ஸ்டீமில் அதற்கு 14 நாள், இரண்டு மணி நேர ஆட்டம் என்பது வரம்பு. ஸ்டீயரிங்கின் சுழற்சிக் கோணம், பெடல்களின் அளவு, விசையின் வலிமை, திரையின் பார்வைக் கோணம் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைப்பதற்குள் அந்த நேரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆகவே ஒரு காரும் ஒரு தடமும் கொண்ட இலவச மாதிரியைத் தாருங்கள். என் ஸ்டீயரிங்கோடு உங்கள் விளையாட்டு ஒத்துப்போகிறதா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வேன்.

2025-இல் ஸ்டீம், ஓராண்டுக்கு மேல் அப்டேட் வராத ஏர்லி ஆக்சஸ் விளையாட்டுகளின் பக்கத்தில் அதைச் சொல்லும் அறிவிப்பைச் சேர்த்தது. நல்லது. ஆனால் அது விளையாட்டு கைவிடப்பட்ட பிறகு வரும் எச்சரிக்கை. முதல் நாளில் சொல்ல வேண்டியதை நீங்கள்தான் சொல்ல முடியும். அடுத்த விளையாட்டை விற்பனைக்கு வைக்கும்போது பக்கத்தின் முதல் வரிகளில் இவற்றை எழுதுங்கள்: இன்று ஓடும் கார்கள் எத்தனை, தடங்கள் எத்தனை, கணினி எதிராளிகள் உண்டா, இணையம் இல்லாமல் ஓடுமா, எந்த ஸ்டீயரிங்குகளில் சோதித்தீர்கள், உரிமம் எந்த ஆண்டு வரை. வரப்போகும் கார்களின் படங்களை அதற்குக் கீழே வையுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்