பழைய வாஷிங் மெஷினை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வாஷிங் மெஷினை வைத்திருப்பது வீண் செலவு, ஆடித் தள்ளுபடியில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு 1989-இல் வந்த மெஷின் இன்று காலையிலும் ஓடியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் வேலை பார்த்த என் அண்ணன் ஊருக்கே திரும்பியபோது, கப்பலில் வந்த சாமான்களோடு அதுவும் வந்தது. மேல்மூடி திறக்கும் மெஷின். கண்டனூர் வீட்டின் இரண்டாம் கட்டில், கிணற்றடி வாசல் ஓரமாக வைத்தோம். ஆனால் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை சுற்று முன்னும் பின்னும் அலைகிறது என்ற கணக்கு. காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவரிடம் 120 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் கேட்டேன். அவர், "ஆச்சி, 100 போதும்" என்றார். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. ஹெர்ட்ஸ் ஆறில் ஒரு பங்கு குறையும்போது வோல்ட்டையும் அதே அளவு குறைத்தால்தான் மோட்டார் சூடாகாது. 120-இல் ஆறில் ஐந்து பங்கு 100. அவர் கட்டிக்கொடுத்த டிரான்ஸ்பார்மர்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

மெஷினோடு வந்த டைமருக்குள் ஒரு சின்ன மோட்டார் இருந்தது. அது ஹெர்ட்ஸை எண்ணி ஓடுவது. அதனால் பத்து நிமிஷத் துவைப்பு எங்கள் வீட்டில் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. துணியை அலசும் தண்டும் அதே விகிதத்தில் மெதுவாக ஆடியது. ஆக, மொத்த ஆட்டத்தின் எண்ணிக்கை அமெரிக்காவில் எவ்வளவோ அவ்வளவேதான். வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் பார்த்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிழிவதுதான் கொஞ்சம் ஈரமாக வரும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒரு குறையே இல்லை.

தண்ணீர்தான் பெரிய பாடு. தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்குச் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தமாவது வேண்டும் என்று மெஷினோடு வந்த தாளில் போட்டிருந்தது. எங்கள் தொட்டி பத்தடி உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிடைப்பது நாலு பவுண்டுக்குச் சற்று மேல். குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வரும். ஆனால் நல்லவேளை, தண்ணீர் நிறைகிற வரை டைமர் நகராது. மெஷினுக்குள் இருக்கும் தொட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர் டியூப் மேலே போகிறது. தண்ணீர் ஏற ஏற அதற்குள் இருக்கும் காற்று அழுந்தும், போதிய அளவு அழுந்தியதும் சுவிட்ச் மாறும். தண்ணீர் குழாயில் வந்ததா வாளியில் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. சரி என்று 15 லிட்டர் வாளியால் ஊற்றினோம். நாலரை வாளியில் மெஷின் தானாகக் கிளம்பியது. அன்று முதல் அப்படித்தான். அலசிய தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்துவைத்து, அடுத்த துணிக்கு முதல் தண்ணீராக ஊற்றுகிறோம். சோப்புத் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியோடேயே அமெரிக்காவில் ஒரு காலத்தில் மெஷின்கள் விற்றார்கள். கோடையில் கிணறு தரை தட்டும் ஊரில் நாங்கள் கையாலேயே அதைச் செய்கிறோம்.

இனி டைமருக்கு வருகிறேன். குமிழைக் கழற்றி, முகப்புத் தகட்டை நிமிர்த்தினால் உள்ளே மடித்துச் செருகிய ஒரு காகிதம் இருந்தது. முழு வயரிங் படம்! எந்த நிறக் கம்பி எங்கே போகிறது, எந்தக் கட்டத்தில் எந்தத் தகடு தொடுகிறது, எல்லாம் அதில் இருக்கிறது. டைமர் என்பது ஒரே தண்டில் கோத்த மேடு பள்ளமான சக்கரங்கள்தான். மேடு வந்தால் தகடு தொடும், பள்ளம் வந்தால் விடும். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம்.

ஆத்தா கட்டியது கண்டாங்கி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காரைக்குடிக் கண்டாங்கிதான். அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கட்டம் போட்ட புடவைக்கு நீண்ட ஊறலும் குறைந்த ஆட்டமும் வேண்டும். மெஷினில் அப்படி ஒரு துவைப்பு முறையே இல்லை. இரண்டு சுவிட்ச் வைத்தேன். ஒன்று பெரிய மோட்டாருக்குப் போகும் கம்பியில், 16 ஆம்பியர் தாங்குவது. அதை அணைத்தால் டைமர் நகர்ந்துகொண்டே இருக்கும், துணி அசையாமல் ஊறும். இன்னொன்று டைமரின் சின்ன மோட்டாருக்கு. அதை அணைத்தால் மெஷின் இருக்கும் கட்டத்திலேயே நின்று வேலை செய்யும். போர்வை, ஜமுக்காளம் எல்லாம் அப்படித்தான் துவைத்தோம். இவ்வளவுதான் நான் செய்தது. ஆத்தா கடைசிவரை அந்த முதல் சுவிட்சை "ஊறல் பொத்தான்" என்றுதான் சொன்னார்கள்.

2011-இல் டைமரின் தகடுகள் கருகிப்போயின. சர்வீஸ் சென்டர் ஒன்றில் கேட்டேன். படத்தைப் பார்க்கவே இல்லை, "ஸ்பேர் கிடையாது, தூக்கிப் போடுங்க" என்றார்கள். அந்தப் பதில் இன்னும் எனக்கு வலிக்கிறது. கடைசியில் டிரான்ஸ்பார்மர் கட்டியவரே வந்தார். இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் துவைக்க 15 நிமிஷம், பிழிய 5 நிமிஷம் என்று இரண்டு டைமர் இருக்குமே, அவற்றைப் பொருத்தினார். அவை சாவி கொடுக்கும் கடிகாரம் போல ஸ்பிரிங்கில் ஓடுவதால் வோல்ட்டும் ஹெர்ட்ஸும் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. எங்கள் மெஷினில் மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் துவைக்கும், மறுபக்கம் சுற்றினால் பிழியும். அதற்குத் தகுந்தபடி கம்பிகளைப் பிரித்துக் கொடுத்தார். தண்ணீர் வெளியேற்றுவதற்குத் தனிச் சுவிட்ச். கூலி உட்பட ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூடி திறந்தால் சுற்றுவதை நிறுத்தும் சுவிட்சை எக்காரணம் கொண்டும் யாரும் வேலை செய்யாதபடி கட்டிவிடக் கூடாது. பிழியும்போது கைவிட்டால் கை போய்விடும். எர்த் கம்பி இல்லாத இடத்தில் மெஷினை வைக்கவே வேண்டாம். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கினாலும், கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் எங்கள் வீடுகளின் தூண், கதவு, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் பழம்பொருள் என்று நல்ல விலைக்கு இருக்கும். அதே வீட்டிலிருந்து கழற்றிய மெஷின் கிலோ கணக்கில் இரும்புக்குப் போகிறது. புது மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகள் பலவற்றைப் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். கெட்டால் போர்டையே மாற்ற வேண்டியதுதான். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே தொடங்கியிருக்கிறது. நிறுவனங்கள் பழைய மாடல்களின் வயரிங் படங்களையும் அதில் போட வேண்டும் என்பது என் கோரிக்கை. நம் பக்கத்து ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் பிள்ளைகளுக்கு ஒரு டைமரையாவது பிரித்துக் காட்ட வேண்டும். 1952-லேயே அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி கண்ட ஊர் காரைக்குடி. இது ஒன்றும் நடக்காத காரியமில்லை.

என் மெஷினுக்குள் இருந்த படத்தைத் தமிழில் பெயர் எழுதிப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன். ஒரு நகலை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். வீட்டில் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கண்டனூர்.