எங்கட சனசமூக நிலையம்: செயலாளரின்ர ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வாசிகசாலைக்கு பேப்பர் எடுத்தது, வாணி விழா, வொலிபோல் கோட்டுக்கு லைற் போட்டது எல்லாம் வழமைபோல நடந்தது, கணக்கு பொருளாளர் வாசிப்பார், அதால நான் கண்டிப் பயணத்தைப் பற்றித்தான் கூடச் சொல்லப்போறன், அதிலதானே கனபேருக்குக் கோவம்.

போனது துனுமடலாவ காட்டுக்கு. கண்டி ரவுணுக்கு மேல மலையில கிட்டத்தட்ட 480 ஹெக்ரேயர், முந்தித் தோட்டமாக் கிடந்து கைவிட்டபிறகு காடா வளந்தது, உள்ளுக்க ரெண்டு நீர்த்தேக்கம், அது கண்டிச் சனம் குடிக்கிற தண்ணி. இப்ப கண்டிக்குப் பெரும்பங்கு தண்ணி மகாவலியில இருந்துதான், எண்டாலும் மாநகரசபை இந்தக் காட்டைக் கைவிடேல்ல. ரிக்கற் எடுத்தா நடக்கலாம், குருவி பாக்கலாம், அவ்வளவுதான். பெடியள் துவாயோட வந்து நிண்டிச்சினம், "இவ்வளவு தூரம் வந்து காலும் நனைக்கேலாதோ அண்ணை" எண்டு ஒராள் கேட்டார். அட்டை மட்டும் ஒருத்தரையும் சும்மா விடேல்ல. கீழ இருக்கிற கண்டி வாவி 1807இல ராசா கட்டினது, சுத்தி நடக்க நல்ல வடிவு, ஆனா அதில ஒரு கை அள்ளிக் குடிப்பியளோ? மேல காடு நிண்டபடியாத்தான் மழைத்தண்ணி சருகுக்கால ஊறி மெல்ல மெல்ல இறங்குது, சேறு அள்ளிக்கொண்டு வராது.

யாழ்ப்பாணத்தில எங்களுக்கு மலையுமில்லை ஆறுமில்லை, சுண்ணாம்புக்கல்லுக்கால இறங்கின மழைதான் கிணத்தில நிக்குது. இரணைமடுக் குளத்துத் தண்ணியை எங்களுக்குத் தர கிளிநொச்சி கமக்காரர் சம்மதிக்கேல்ல, அவையின்ர நியாயம் அவைக்கு. பிறகு தாழையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையத்தை 2024இல திறந்திச்சினம், நாளுக்கு 24,000 கனமீற்றர். அவ்வளவு செலவழிச்சு கடல்ல உப்புப் பிரிக்கினம், நாங்கள் இஞ்ச எங்கட ஊர்க் குளத்துக்குள்ள ஓட்டோ கழுவுறம்.

குளத்தைச் சுத்தி நடைபாதை போடுற விசயத்தில இளைஞர் பகுதி மிதிபடகும் வேணுமெண்டுது, பெரியாக்கள் ஒண்டுமே வேண்டாமாம். என்ர எண்ணம், பாதை மட்டும் போடுவம், அதுவும் மண்பாதை, குளத்தின்ர அடியில சீமெந்து பூசி வடிவாக்கிற கதையே வேண்டாம், பூசினா தண்ணி நிலத்துக்க இறங்காது, பிறகு கிணறு கோடையில வத்தினா தண்ணிப் பவுசரைப் பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான். ஓட்டோ கழுவுறதை நிப்பாட்ட வாசல்ல சங்கிலி போடுறதுக்கு நிர்வாகசபை ஏற்கெனவே ஓமெண்டிட்டுது, திறப்பு ஆரிட்ட இருக்கிறதெண்டதுதான் இழுபறி.

சிரமதானத்துக்கு மண்வெட்டி எடுத்த ஆக்கள் தயவுசெய்து திருப்பித் தாங்கோ. சந்தா பாக்கி உள்ளவை ரீ குடிக்க முதல் பொருளாளரைச் சந்தியுங்கோ.