விவசாயிகள் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், சக விவசாயிகளுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்துக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை பி.எம். கிசான், அதாவது மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை பற்றியவை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. இந்த ஆண்டு பிப்ரவரி, ஆகஸ்ட், நவம்பரில் வந்தன. 21ஆவது தவணையை நவம்பர் 19 அன்று பிரதமர் கோவையில் வைத்து விடுவித்தார். ஒரு மூட்டை டி.ஏ.பி. உரம் வாங்கினாலே ஒரு தவணையின் 2,000 ரூபாயில் 1,350 போய்விடும். ஆனாலும் உரம் போடுகிற நேரத்தில் கடன் கேட்டு நிற்காமல் இருக்க அந்தப் பணம் உதவுகிறது.

பணம் வரவில்லை என்று வந்தவர்களில் சிலருக்குப் பணம் வந்துதான் இருந்தது. ஆதார் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ, அந்தக் கணக்குக்கே பணம் போகும். நகைக்கடனுக்காக எப்போதோ திறந்த கணக்கில் தவணை சேர்ந்துகொண்டிருக்க, கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் உண்டு. வயதான பெண்களுக்கு இ-கேஒய்சி என்னும் ஆதார் சரிபார்ப்பில் வேறு சிக்கல். நாற்றுப் பறித்தே தேய்ந்த விரல்களை கைரேகை இயந்திரம் ஏற்கவில்லை. செல்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டியே அதை முடிக்கலாம் என்று தெரிந்ததும், நம் ஊர்ப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் முடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. வாரிசாகப் பெற்றவர்களுக்கு உண்டு. ஆகவே பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்று வாங்கி உடனே மாற்றுங்கள். அண்ணன் தம்பி மனஸ்தாபம் இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணுக்கும் இதே நில ஆவணம்தான் அடிப்படை.

அப்புறம், குத்தகைக்காரர்கள் விஷயம். கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தலைமுறையாகச் சாகுபடி செய்கிறவர்கள் நம் டெல்டாவில் ஏராளம். பட்டா சாமி பெயரில் இருப்பதால் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் பட்டாதாரருக்குத் தவணை தவறாமல் வருகிறது. சேற்றில் இறங்கியவருக்கு வருவதில்லை. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். பயிர்க் காப்பீட்டில் அடங்கலை (யார் என்ன பயிரிட்டார் என்ற கிராமக் கணக்கை) பார்த்துக் குத்தகைதாரரையும் சேர்க்கிறார்கள், சம்பாவுக்கு 1.5 சதவீதப் பிரீமியத்தை அவர்தான் கட்டுகிறார். பிரீமியம் வாங்கும்போது அவர் விவசாயி என்றால், உதவித்தொகை கொடுக்கும்போதும் விவசாயிதானே? ஒடிசாவின் காலியா திட்டம் நிலமில்லாத தொழிலாளர்களையும் சேர்த்தது. ஆந்திராவின் ரைது பரோசாவில் குத்தகை விவசாயிகளில் ஒரு பகுதியினருக்குப் பணம் கிடைத்தது. மத்திய அரசு செய்யாவிட்டால் நம் மாநில அரசாவது செய்யலாம். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுத்தோம்; பதில் இன்னும் வரவில்லை. இன்றைய கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடைத்தரகர்களிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். 2020இல் பல மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாதவர்களை இடைத்தரகர்கள் பி.எம். கிசானில் சேர்த்துவிட, பிறகு அவர்களிடமிருந்து அரசு பணத்தைத் திரும்ப வசூலித்தது நினைவிருக்கும்.

நெல் கொள்முதல் விலை செப்டம்பர் முதல் குவிண்டாலுக்கு சாதாரண ரகத்துக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். அக்டோபர் மழையில் ஈரப்பதப் பிரச்சினை எல்லோரும் அனுபவித்ததுதான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். குத்தகைப் பதிவுக்கு மனு எழுத விரும்புகிறவர்கள் குத்தகை ரசீது, அடங்கல் நகலோடு கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

செயலாளர்