ஒரு செட் பேடும் பதினெட்டுப் பேர் லிஸ்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வேலூர் ஹாக்கி அணிக்கு வந்திருக்கும் புது கோச்சைப் பற்றியும், இந்த சீசனுக்கு அவர் எடுத்திருக்கும் பதினெட்டுப் பேர் லிஸ்டைப் பற்றியும் உங்கள் வாசகர் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. ஒருவர் அவரை உடனே ஊருக்கு அனுப்பச் சொல்கிறார், இன்னொருவர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் சண்டை போடாத ஊரில் ஹாக்கிக்காக இரண்டு கடிதம் வந்ததே என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. படித்து முடித்ததும்தான் தெரிந்தது, எழுதிய இரண்டு பேருமே ஒரு நாள்கூடக் காலையில் கிரவுண்ட் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் தினமும் பார்க்கிறேன். சத்துவாச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், கடை திறக்க ஒன்பது ஆகும், வீட்டில் இருந்தால் தண்ணீர் பிடிக்கச் சொல்வார்கள். ஆறு மணிக்கெல்லாம் கிரவுண்ட் ஓரத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். அந்தக் காலத்தில் இதே அணிக்கு லெப்ட் ஆஃப் (நடுவரிசையில் இடது பக்கம்) ஆடியவன். இப்போதைய லிஸ்டில் என் மகனோ மருமகனோ யாரும் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் டீக்கடையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முதல் புகார், கோச் வெளியூர்க்காரர் என்பது. ஆமாம், கோவில்பட்டிக்காரர். ஹாக்கிக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒருத்தர் வந்தால் அதைக் குறையாகச் சொல்வது, மளிகைக் கடைக்குப் போய் அரிசி வைத்திருக்கிறாயே என்று சண்டை போடுவது போல. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தி செல்வமும் போனார்களே, வெண்கலத்தோடு வந்தார்களே, அந்த அணிக்கு வேலூரிலிருந்து எத்தனை பேர் போனோம்? நம் ஆள் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நம் ஆள் கோச்சாக இருந்த நாலு வருஷத்தில் காலைப் பயிற்சி என்றால் கிரவுண்டை ஐந்து சுற்று ஓடிவிட்டு, இரண்டு டீமாகப் பிரிந்து ஒரு கேம் ஆடிவிட்டு, ஆளுக்கு ஒரு முட்டை சாப்பிட்டு வீட்டுக்குப் போவது. அவ்வளவுதான் நடந்தது.

இதைவிட வேடிக்கை, பதினெட்டுப் பேரில் நாலு பையன்கள் வேறு மாவட்டத்துக்காரர்கள் என்ற புகார். விசாரித்தால் இரண்டு பேர் ராணிப்பேட்டை, ஒருவன் ஆற்காடு, இன்னொருவன் ஆம்பூர். ஐயா, 2019 நவம்பர் வரைக்கும் இது எல்லாமே வேலூர் மாவட்டம்தான். 1989க்கு முன்னால் திருவண்ணாமலையும் சேர்ந்து மொத்தமும் வட ஆற்காடு. நான் ஆடத் தொடங்கியபோது அரக்கோணத்திலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் ரயில்வே குடியிருப்புப் பையன்கள் பாசஞ்சர் பிடித்து ஆட வருவார்கள், மட்டையை ஜன்னல் வழியாக முதலில் எறிந்துவிட்டு அப்புறம் அவர்கள் இறங்குவார்கள். அவர்களை யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை, எந்த இடத்தில் ஆடுவாய் என்றுதான் கேட்டோம். கோடு போட்டது கலெக்டர் ஆபீஸ் வேலைக்காக. மாவட்டம் மூன்றானதால் கிரவுண்ட் மூன்றாகவில்லையே. ராணிப்பேட்டைப் பையன் விடியற்காலை முதல் பஸ் பிடித்து வந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது, சத்துவாச்சாரியில் இருக்கிற பையன் ஆறரைக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வருகிறான். கோச் யாரை எடுப்பார்?

சரி, உண்மையான சண்டைக்கு வருகிறேன். எங்கள் பழைய சென்டர் ஆஃபையும் (நடுவரிசையில் நடுவில் ஆடுகிறவர்), பெனால்டி கார்னர் (எதிரணி கோல் பக்கத்தில் தப்பு செய்தால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு) அடிக்கும் மூத்தவரையும் லிஸ்டில் சேர்க்கவில்லை. இதில்தான் ஊர் இரண்டாகியிருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் போன வியாழக்கிழமை இரண்டு பெரிய மனிதர்கள் இதற்காகச் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் கழன்றுவிட்டது. அந்த இரண்டு வீரர்களும் எனக்குத் தம்பிகள் மாதிரி. பெனால்டி கார்னர்காரர் போன சீசனில் எங்களுக்காக அடித்த கோல்களை நான் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணியவன். ஆனாலும் கோச் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் பழகுவது மண் தரையில். பெரிய மேட்ச்கள் நடப்பது டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில். மண் தரையில் பெனால்டி கார்னர் என்றால் என்ன நடக்கும்? கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, பின் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார். அது கல்லில் பட்டு ஒரு துள்ளு, குழியில் விழுந்து ஒரு துள்ளு என்று 'டி'க்கு (கோலுக்கு முன்னால் வளைவாகப் போட்டிருக்கும் கோடு) வெளியே வந்து சேர்வதற்குள் நிறுத்துகிறவருக்கு உயிர் போய்விடும். நிறுத்தி முடிப்பதற்குள் எதிரணி ஆள் முட்டியில் மோத வந்துவிடுவான். அந்த இடத்தில் டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையில் இழுத்து வீசுவது எல்லாம் நடக்காது, ஓங்கி ஒரு அடிதான். எங்கள் மூத்தவர் அதில் மன்னன். ஆனால் நேராக அடிக்கிற முதல் அடி 460 மில்லிமீட்டருக்கு மேலே போய் கோலுக்குள் விழுந்தால் செல்லாது, அதாவது கோலுக்குள் இருக்கும் அடிப்பலகை உயரம்தான். டர்ஃபில் பழகிய கீப்பர் மட்டையை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் படுத்துவிட்டால் அந்த உயரம் மொத்தமும் அடைத்துக்கொள்ளும். ஃபிளிக்குக்கு இந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது, மேல் மூலையில் போடலாம். அதனால்தான் உலகம் முழுக்க டிராக் ஃபிளிக். கோச் எடுத்திருக்கும் ஆம்பூர்ப் பையனுக்கு வயது பத்தொன்பது, பத்து ஃபிளிக் போட்டால் ஆறு வெளியே போகிறது, நான் பார்த்தேன். மீதி நாலும் கீப்பர் கையைத் தூக்குவதற்குள் உள்ளே போய்விடுகிறது, அதையும் பார்த்தேன். கோச் அந்தப் பையனுக்காகவே நாலு அடி அகலத்துக்கு மண்ணைச் சுரண்டி, பழைய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு ஆணி அடித்து வைத்திருக்கிறார். பந்து நிற்கிற இடம் மட்டும் டர்ஃப் மாதிரி இருக்க வேண்டுமாம். விரிப்புக்கு யாரிடமும் காசு கேட்கவில்லை.

சென்டர் ஆஃப் விஷயம் கால் விஷயம். முன்பெல்லாம் முப்பத்தைந்து முப்பத்தைந்து நிமிஷம் இரண்டு பாதி. இப்போது பதினைந்து நிமிஷம் நாலு குவார்ட்டர், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். மாற்றிக்கொண்டே இருக்கும் எதிரணியில் எப்போதும் புதுக் கால்கள்தான் ஓடும். நம்மவரோ ஒரே ஆளாக அறுபது நிமிஷமும் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர், கூப்பிட்டாலும் வெளியே வர மாட்டார். போன சீசனில் நாலாவது குவார்ட்டரில் நாங்கள் வாங்கிய கோல்கள் எப்படி வந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெரியவர்களை ஒதுக்கினால் அணி கெட்டுவிடும் என்பவர்கள் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியை நினைத்துப் பார்க்கலாம். எஸ்.வி. சுனில், ஆகாஷ்தீப் சிங், ரமன்தீப் சிங் என்று பெரிய பெயர்களை விட்டுவிட்டு, முதலில் அறிவித்த 16 பேரில் 10 பேரை முதல் தடவையாக ஒலிம்பிக்குக் கூட்டிப் போனார்கள். அப்போதும் திட்டினார்கள். 41 வருஷத்துக்குப் பிறகு பதக்கம் வந்தது, ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து. அதற்காக ஒதுக்கினாலே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 1998இல் பாங்காக்கில் 32 வருஷம் கழித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்த கேப்டன் தன்ராஜ் பிள்ளையை, திரும்பி வந்ததும் ஓய்வு என்ற பெயரில் வெளியே உட்கார வைத்தார்களே, கோச் கௌஷிக்கையும் அனுப்பினார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அங்கே யாருக்கும் ஆட்டத்தைப் பற்றிய காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. இங்கே கோச்சிடம் காரணம் இருக்கிறது.

ஆனால் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது அவர் தப்பு. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பதினெட்டுப் பெயரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷம் ஆடியவன், தன் பெயர் இல்லை என்பதைப் பொண்டாட்டி போனில் பார்த்துத் தெரிந்துகொண்டான். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தம்பி இதுதான் விஷயம், டர்ஃபுக்கு இப்படித்தான் வேண்டும், நீ இதைச் சரிசெய்தால் பாதி சீசனில் பார்க்கலாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இந்திய அணியில் ரூபிந்தர் பால் சிங்கை 2018 உலகக் கோப்பைக்கு எடுக்கவில்லை. திரும்பி வந்து டோக்கியோ வெண்கல மேட்சில் அவரும் ஒரு கோல் போட்டார். லிஸ்டில் பெயர் இல்லை என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் கோச்தான், சைக்கிள் கடைக்காரன் இல்லை.

கோச்சை இப்போதே மாற்றச் சொல்லும் அன்பருக்கு ஒன்று. இந்திய அணியில் 2014 தொடங்கி ஐந்து வருஷத்தில் ஐந்து பேரைப் பார்த்துவிட்டோம். டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மாரைன், ஹரேந்திர சிங். வால்ஷ் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்த சில வாரங்களிலேயே போய்விட்டார். அப்புறம் கிரஹாம் ரீடுக்கு நேரம் கொடுத்தார்கள், டோக்கியோவில் வெண்கலம். ஃபுல்டன் 2023இல் வந்தார், மறு வருஷமே பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கோச்சை மாற்றி ஜெர்மனிக்காரரைக் கொண்டுவந்தார்கள், ஏழாவது இடம்தான் கிடைத்தது. மூன்று வாரம் இருக்கும்போது மாற்றினால் நமக்கு எத்தனையாவது இடம் கிடைக்கும் என்று அந்த அன்பரே கணக்குப் போடட்டும்.

லிஸ்டில் எனக்கே ஒப்பாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதை ஏனோ யாருமே எழுதவில்லை. பதினெட்டில் ஒரே ஒரு கோல்கீப்பர். டீக்கடையில் ஒரு பையன் சொன்னான், பாரிஸில் ஸ்ரீஜேஷ் ஒருத்தர்தானே கீப்பர் என்று. உண்மைதான், ஆனால் 16 பேரில் ஒருவர் அவர், கிருஷன் பதக் ரிசர்வில் இருந்தார். இங்கே ரிசர்வும் இல்லை, ஒன்றும் இல்லை. நம் கீப்பருக்கு முட்டி பிசகினால் என்ன செய்வது? முன்பெல்லாம் ஃபீல்டில் ஆடுகிற ஒருவன் ஹெல்மெட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கீப்பர் சலுகையோடு (கீப்பர் மாதிரி காலாலும் பந்தைத் தடுக்கலாம்) நிற்கலாம், அதையும் 2019இல் எடுத்துவிட்டார்கள்.

கோச்சிடமே போய்க் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கிரவுண்ட் காம்பவுண்ட் சுவரைக் காட்டினார். சுவர்மேல் எங்கள் அணியின் கீப்பர் செட் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கால் பேட், பாதத்தில் கட்டும் கிக்கர் இரண்டு, கையுறை, மார்புக் கவசம். கால் பேடில் ஒன்றின் நுரை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, கிக்கர் வாருக்குப் பதில் சைக்கிள் டியூப் கட்டியிருந்தது (அந்த டியூப் என் கடையில் வாங்கியது, அப்போது எதற்கு என்று தெரியாது). மார்புக் கவசத்தை நம் வேலூர் வெயிலில் மூன்று நாள் காயப்போட்டாலும் அந்த வியர்வை வாடை போகாது, பக்கத்தில் நாய்கூடப் படுக்கவில்லை. இருப்பது இந்த ஒரு செட். இரண்டாவது கீப்பரை எடுத்தால் அவன் எதைக் கட்டிக்கொண்டு பழகுவான்? அப்படி ஒரு பையன் இருக்கிறான், பதினாறு வயது, தொரப்பாடிப் பக்கம், நல்ல கை. பேட் இல்லாததால் அவனை ரைட் பேக் ஆட விட்டிருக்கிறார்கள். பந்து வரும்போதெல்லாம் பழக்கத்தில் காலை நீட்டி 'ஃபுட்' (பந்து காலில் பட்ட தப்பு) வாங்குகிறான்.

நிர்வாகத்திடம் புது செட் கேட்டு இரண்டு வருஷமாகக் கடிதம் போகிறது. பதில் வந்ததாகத் தெரியவில்லை. அதனால் என் கடையில், பஞ்சர் ஒட்டும் மேஜைக்குப் பக்கத்தில், ஒரு பிஸ்கட் டின்னை ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். நேற்று மாலை வரை 2,340 ரூபாய் சேர்ந்திருக்கிறது. சட்டையைப் பிடித்துக்கொண்ட அந்த இரண்டு பெரியவர்களும் ஆளுக்கு நூறு போட்டார்கள், ஒருவர் போடும்போது மற்றவர் பார்க்கவில்லை. கோச்சைத் திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகக் கடைக்கு வரலாம், பத்து ரூபாய் போட்டுவிட்டுத் திட்டலாம், டீ என் செலவு.

இப்படிக்கு,
பழைய லெப்ட் ஆஃப்,
சத்துவாச்சாரி, வேலூர்.