தூர்ந்த கிணறுகளின் வாரம்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம். கார்த்திகை பிறந்தும் இங்கே மழை விட்டபாடில்லை. அப்பாவுக்குச் சளி தேவலை.

யூத ஜெப ஆலயங்களில் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, 54 பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் முறை வைத்து வாசிக்கிறார்கள் என்று போன மாதம் சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து நானும் அந்த முறையிலேயே வாசிக்கிறேன். இந்த வாரம் தோல்தோத் என்ற பகுதி, ஆதியாகமம் 25:19 முதல் 28:9 வரை. இஸ்ரவேலில் நீ குடியிருக்கும் பெயெர்செபாவே அதில் வருகிறது ராசா! ஏசாவின் பயற்றங்கூழையும் யாக்கோபு ஆசீர்வாதத்தைத் தட்டிப் பறித்ததையும் எல்லாரும் பிரசங்கம் பண்ணுவார்கள். நடுவில் இருக்கும் 26ஆம் அதிகாரத்தை யாரும் தொடுவதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அது முழுக்கக் கிணற்றுக் கதை.

ஆபிரகாமின் வேலைக்காரர் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடி தோண்டி, அப்பா வைத்த அதே பெயர்களை வைக்கிறான். புதிதாக வெட்டிய கிணற்றுக்குச் சண்டைக்கு வருகிறார்கள், விட்டுவிட்டு நகர்கிறான். அடுத்ததற்கும் சண்டை. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை, அதற்கு ரெகொபோத் என்று பெயர். கடைசியில் பெயெர்செபாவில் வேலைக்காரர் ஓடி வந்து, தண்ணீர் கண்டோம் என்கிறார்கள். தாத்தா நம் கிணற்றைத் தூர் வாரியது உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. கயிற்றில் இறங்கிய ஆள் கீழிருந்து "ஊத்து தெரியுது!" என்று கத்தியபோது தாத்தா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 40 அடிக் கிணற்றுக்கே அப்படி.

உன் ஊருக்குக் கிழக்கே தெல் பெயெர்செபா மேட்டில், கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு கிணறு இருக்கிறது. ஆழம் 69 மீட்டர், கிட்டத்தட்ட 225 அடி! வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழையே பெரிது என்கிற பூமியில் அத்தனை ஆழம் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் வந்துவிடு. சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்கினால் பஸ் இருக்காது. அந்தக் கிணற்றடியில் நின்று 26ஆம் அதிகாரத்தை வாய்விட்டு வாசி, போனில் தமிழ் வேதாகமம் இருக்கிறதல்லவா.

இது ஈசாக்கின் கிணறேதானா என்று கேட்பாய். அப்படிச் சொல்ல முடியாது. மேட்டில் தோண்டி எடுத்த நகரம் யூதா ராஜாக்கள் காலத்தது, ஆபிரகாம், ஈசாக்கு காலத்துக்கு வெகு பிந்தியது. கிணறு எந்தக் காலத்தது என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. அத்தாட்சி தேடி உன்னை அனுப்பவில்லை. ஆழத்தை எட்டிப் பார்த்தவன் அந்த அதிகாரத்தை அவசரமாக வாசிக்க மாட்டான், அதற்குத்தான்.

பலிபீடத்தையும் பார். 1973இல் அங்கே ஒரு களஞ்சியச் சுவரைத் தோண்டியபோது, நான்கு கற்களின் நுனி கொம்பு போல நீண்டிருந்தது. ஒரு கொம்பு மட்டும் உடைந்திருந்தது. யாரோ பலிபீடத்தைப் பிரித்துச் சுவருக்குக் கல்லாக்கியிருக்கிறார்கள். மேட்டில் நிற்பது மாதிரிதான், அசல் எருசலேமில் இஸ்ரவேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாசி வாக்கில் தெருமா பகுதி வரும், பலிபீடத்துக்கு நான்கு கொம்புகள் வேண்டும் என்று யாத்திராகமம் 27இல் இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முந்தி வரும் இத்ரோவில், உளி பட்ட கல்லால் பலிபீடம் கட்டாதே என்று இருக்கிறது. பெயெர்செபாக் கற்களோ நன்றாகச் செதுக்கியவை! அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் தெல் ஆராத் என்ற இன்னொரு பழைய நகர மேடு. அங்குள்ள பலிபீடம் செதுக்காத கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. அந்த இரண்டு பகுதிகளின் வாரங்களில் இரண்டு பலிபீடங்களையும் ஒரு நடை பார்த்துவிடு, நான் இங்கே கூடவே வாசிக்கிறேன்.

நாசோ பகுதி வைகாசி வாக்கில் வரும். அதற்குள் எனக்கு விசா கிடைத்தால் நாம் சேர்ந்தே எருசலேமுக்குப் போவோம். 1979இல் கெத்தேப் இன்னோம் கல்லறையில் கிடைத்த இரண்டு குட்டி வெள்ளித் தகடுகளை நான் பார்த்தே ஆக வேண்டும். நம் ஊர்த் தாயத்துக்குள் இருக்குமே, அதே மாதிரி சுருட்டியவை. பிரித்துப் பார்த்தால், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற, நாசோ பகுதியில் வரும் எண்ணாகமத்து ஆசீர்வாத வார்த்தைகள். சுமார் 2,600 வருஷம் முந்தியவை. நீ அந்த ஊருக்குக் கிளம்பிய அன்று நம் சபை ஐயர் உன் தலையில் கைவைத்துச் சொன்னதும் அதுதான்.

அப்புறம் ஒன்று. ஆபிரகாம் பெயெர்செபாவில் தோப்பு உண்டாக்கினான் என்று நம் பழைய வேதாகமத்தில் இருக்கிறது. நான் இத்தனை வருஷமும் மாந்தோப்பு மாதிரி நினைத்திருந்தேன். எபிரேயத்தில் 'ஏஷெல்' என்றிருக்கிறதாம், நம் சவுக்கைப் போல மெல்லிய இலையுள்ள பாலைவன மரம். அதன் இலையில் உப்புப் பூக்கும் என்கிறார்கள். அந்தப் பக்கம் கண்ணில் பட்டால் ஒரு கொத்தை நாக்கில் வைத்துப் பார்த்து, கரிக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
அம்மா